ஆயிரத்தோராவது இறாத்தல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடா சென்றிருந்தபோது, ரொறன்ரோவின் புறநகர் ஒன்றில் வசிக்கும் என் அக்காவின் மகனுடன் ஒருநாள் முழுவதும் லொறியில் பயணம் செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. புலம்பெயர்ந்த நம்மவரில் கணிசமானோர் வட அமெரிக்காவில் பாரவூர்தி ஓட்டுகின்றனர் என்பதை வாசகர்கள் அறிவர். மருமகனும் அவர்களில் ஒருவன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வயதுவரை இருந்தவன். பிறகு நெடுஞ்சாலையே அவனுக்குச் சொந்த ஊராகிவிட்டது.

அன்று காலை ஒரு களஞ்சியத்தில் வண்ணப்பூச்சுக்கான கரைப்பான் நிரம்பிய பீப்பாக்களை ஏற்றினார்கள். முதலில் இரண்டு பீப்பாக்கள். பின்னர் வேறு சாமான்கள். கடைசியில் அலுவலர் ஒருவர் ஓடிவந்து, இன்னுமொரு பீப்பாவையும் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். மருமகன் தாளில் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தான். பின்னர் ஆசனத்தின் பின்னாலிருந்து சிவப்பு நிறச் சாய்சதுரப் பலகைகள் நான்கை எடுத்து, வண்டியின் முன்னும் பின்னும் இரு பக்கங்களிலும் மாட்டினான். அவற்றில் தீச்சுவாலையின் படமும் கீழே 3 என்ற இலக்கமும் இருந்தன.

"இரண்டு பீப்பா இருக்கும்போது ஏன் மாட்டவில்லை?" என்று கேட்டேன்.

"இரண்டுக்குத் தேவையில்லை மாமா. மூன்றென்றால் 500 கிலோவைத் தாண்டிவிடும். அமெரிக்காவுக்குள் என்றால் 454 கிலோ. அதற்குக் கீழே இருந்தால் பலகை வேண்டாம்" என்றான்.

"அப்படியானால் இரண்டு பீப்பா தீப்பிடிக்காதா?"

மருமகன் சிரித்தான். பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு கொழும்புக்கு வந்தது. அதற்கு விடை தேடிப் படித்தவற்றின் சாரமே இக்கட்டுரை. ஆனால் அதற்குமுன், இக்கேள்வி என்னை ஏன் இவ்வளவு உறுத்தியது என்பதையும் சொல்லவேண்டும்.

நான்கு வரிச் செய்தி

1990களின் பிற்பகுதி. கொழும்புப் பத்திரிகை ஒன்றில் இளநிலைச் செய்தியாளனாக இருந்தேன். ஒருநாள் மாலை, நகருக்கு வெளியே சிறிய லொறி ஒன்று கால்வாய்க்குள் சரிந்து புகைவதாகத் தகவல் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்புப் படையினர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தனர். சாரதி காயத்துடன் தெருவோரத்தில் அமர்ந்திருந்தார். லொறியில் என்ன இருக்கிறதென்று படையினர் அவரிடம் கேட்டனர். "பலசரக்கு ஐயா" என்றார். அவரிடமிருந்த பற்றுச்சீட்டிலும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது.

சில நிமிடங்களில் காற்றில் ஒரு கடும் நெடி எழுந்தது. முன்னால் நின்ற இரு படைவீரர்கள் இருமி இருமித் தரையில் விழுந்தனர். பின்னர்தான் தெரிந்தது, மூட்டைகளுக்கும் பெட்டிகளுக்கும் இடையே வெளிறாக்கும் தூள் நான்கைந்து பீப்பாக்களும், அமிலம் நிரம்பிய கண்ணாடிச் சாடிகள் சிலவும் இருந்தன என்பது. சாடிகள் உடைந்து இரண்டும் கலந்திருந்தன. அக்கலவையிலிருந்து வெளிவருவது குளோரீன் வாயு. முதலாம் உலகப் போரில் 1915ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஜெர்மானியர் பயன்படுத்திய அதே வாயுதான்.

இரு வீரர்களும் உயிர் பிழைத்தனர். அவர்களில் ஒருவர் பின்னர் பணிக்குத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். மறுநாள் என் செய்தி நான்கு வரிகளில் வெளிவந்தது. லொறி கவிழ்ந்தது, இருவர் வைத்தியசாலையில் அனுமதி, பொலிஸார் விசாரணை. வண்டியில் என்ன இருக்கிறதென்று அந்த இருவருக்கும் சொல்லியிருக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி அந்த நான்கு வரிகளில் இல்லை. அது ஒரு செய்தி என்றே அன்று எனக்குத் தோன்றவில்லை. போர்ச் செய்திகளுக்கே இடம் போதாதிருந்த காலம் அது. ஆயினும் அது ஒரு சாக்குத்தான்.

1866: பெயரில்லாத பெட்டி

இக்கேள்வியை அமெரிக்கர்கள் 1866ஆம் ஆண்டிலேயே எதிர்கொண்டனர்.

அல்பிரட் நோபல் நைத்திரோகிளிசரினை வணிகப் பண்டமாக்கிய காலம் அது. கலிபோர்னியாவின் சுரங்கங்களுக்கும் இருப்புப்பாதைப் பணிகளுக்கும் அப்பொருள் தேவைப்பட்டது. 1866 ஏப்ரில் மாத ஆரம்பத்தில், பனாமாவின் அஸ்பின்வால் துறைமுகத்தில் "யூரோப்பியன்" என்ற நீராவிக் கப்பல் இப்பொருளால் வெடித்துப் பலர் மாண்டனர். அச்செய்தி சான்பிரான்சிஸ்கோவை எட்டுமுன்பே, ஏப்ரில் 16ஆம் திகதி, அந்நகரில் வெல்ஸ் பார்கோ நிறுவனத்தின் அலுவலகத்திற்கு ஒரு மரப்பெட்டி வந்தது. பெட்டியிலிருந்து எண்ணெய் போன்ற ஏதோ கசிந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே எழுதப்படவில்லை. சேதத்தை மதிப்பிடுவதற்காக உளியும் சுத்தியலும் கொண்டு பெட்டியைத் திறக்க முயன்றனர். ஏறத்தாழப் பதினைந்து பேர் அந்த இடத்திலேயே மாண்டனர்.

கட்டடத்தின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1872இல் தீர்ந்தது. சட்ட மாணவர்கள் இன்றும் அதை "நைத்திரோகிளிசரின் வழக்கு" என்றே அறிவர். தீர்ப்பு இதுதான்: சந்தேகத்துக்கு இடமில்லாதபோது, தன்னிடம் ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு பொதியினுள்ளும் என்ன இருக்கிறதென்று விசாரித்தறியும் கடமை, பொருள் காவுபவருக்கு இல்லை. அறியாதவர் மீது கவலையீனக் குற்றம் சுமத்தலாகாது.

நியாயமான தீர்ப்புத்தான். ஆனால் அதன் மறுபக்கத்தைக் கவனியுங்கள். சுமப்பவருக்குக் கேட்கும் கடமை இல்லையென்றால், அனுப்புபவருக்குச் சொல்லும் கடமை இருந்தாக வேண்டும். அமெரிக்கப் பேரவை தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. வெடிப்பு நிகழ்ந்த அதே 1866ஆம் ஆண்டு ஜூலையில் சட்டம் இயற்றிவிட்டது. நைத்திரோகிளிசரினை உலோகக் கலத்தில் அடைக்கவேண்டும். அக்கலத்தைச் சுற்றிப் பாரிசுச் சாந்து போன்ற ஒன்றை நிரப்பவேண்டும். "நைத்திரோகிளிசரின், அபாயமானது" என்ற சொற்களை வெளியே தெளிவாகப் பொறிக்கவேண்டும். அன்று மருமகன் மாட்டிய சிவப்புப் பலகையின் முன்னோர் அச்சொற்களே.

இச்சட்டம் ஒரு பொருளைப் பற்றியது மட்டுமே. இருப்புப்பாதைகள் பெருகி, டைனமைட் பெட்டிகள் சாதாரணச் சரக்காக மாறிய பின்னர் அது போதவில்லை. 1905 மே மாதத்தில் பென்சில்வேனியாவின் ஹரிஸ்பேர்க் அருகே டைனமைட் ஏற்றிய சரக்கு ரயிலும் பயணிகள் ரயிலும் சிக்கிய விபத்து நாட்டையே அதிரவைத்தது. இருப்புப்பாதை நிறுவனங்கள் தாமாகவே 1907இல் வெடிபொருள் பணியகம் ஒன்றை அமைத்தன. இராணுவப் படைக்கலத்துறை அதிகாரியான டன் என்பவர் அதற்குத் தலைமை தாங்கினார். 1908இல் வெடிபொருட் போக்குவரத்துச் சட்டம் வந்தது. அதன் பின்னர் விதி வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தக ஆணைக்குழுவின் கைக்குப் போயிற்று.

ரோஸ்பேர்க்கில் ஓர் இரவு

ரயிலுக்கென வகுத்த விதிகள் லொறிக்குப் பொருந்தி வருவதற்குப் பல ஆண்டுகள் எடுத்தன. ரயில் தன் பாதையில் மட்டுமே போகும். லொறியோ எவர் வீட்டு வாசலிலும் நிற்கும்.

1959 ஓகஸ்ட் 6ஆம் திகதி மாலை, ஒரிகன் மாநிலத்தின் ரோஸ்பேர்க் நகருக்கு ஒரு லொறி வந்தது. அதில் இரண்டு தொன் டைனமைட்டும், நான்கரைத் தொன் வேறொரு வெடிகலவையும் இருந்தன. மறுநாள் காலையில் ஒப்படைக்கவேண்டிய சரக்கு. சாரதி வண்டியை ஒரு கட்டடப்பொருள் விற்பனை நிலையத்தின் அருகே நிறுத்திவிட்டு விடுதிக்கு உறங்கப் போனார். நள்ளிரவுக்குப் பின் அந்த விற்பனை நிலையத்தில் தீப்பிடித்தது. 7ஆம் திகதி அதிகாலை 1.14க்கு லொறி வெடித்தது. பதினான்கு பேர் இறந்தனர்; ஏறத்தாழ 125 பேர் காயமடைந்தனர். நகரின் மையத்தில் பல தெருக்கள் அழிந்தன.

வெடிபொருள் ஏற்றிய வாகனத்தை ஆளில்லாமல் விட்டுச் செல்லலாகாது என்ற விதி இறுக்கமாக்கப்பட்டதில் இவ்விபத்துக்குப் பெரும் பங்குண்டு. பலகை பேசும், ஆனால் அதைப் பார்ப்பவருக்கு விலகி ஓட நேரமும் வேண்டும் என்பதை ரோஸ்பேர்க் கற்பித்தது.

அதே 1950களில் உலகின் வேறு பகுதிகளும் விழித்துக்கொண்டன. ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 1956இல் அபாயப் பொருட் போக்குவரத்துக்கான முதலாவது பரிந்துரைகளை வெளியிட்டது. பின்னாளில் செம்மஞ்சள் அட்டையுடன் வெளிவந்ததால் அதைச் "செம்மஞ்சள் நூல்" என்றழைப்பர். 1957இல் ஐரோப்பிய நாடுகள் ஜெனீவாவில் வீதிப் போக்குவரத்துக்கான தம் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. பொருட்களை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கங்களால் ஆன எண்ணைக் கொடுக்கும் முறை இந்த வழியில் வளர்ந்தது. பெற்றோல் என்றால் 1203. ரோமிலும் ரியோவிலும் கொழும்பிலும் அதற்கு இதே எண்தான். மொழி தெரியாத தீயணைப்பு வீரனுக்கும் விளங்கக்கூடிய ஒரு பொது மொழியை இருபதாம் நூற்றாண்டு உருவாக்கியதென்றால், அது இதுவாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் 1975 ஜனவரியில் அபாயப் பொருட் போக்குவரத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு விதிகள் ஒன்றுதிரட்டித் திருத்தப்பட்டபோது சாய்சதுரப் பலகைகள் இன்றைய வடிவை நெருங்கின. ஒவ்வொரு பக்கமும் 250 மில்லிமீற்றர். சிவப்பு தீப்பற்றுவதற்கு, மஞ்சள் ஒட்சியேற்றிக்கு, நீலம் நீர்பட்டால் அபாயமாகும் பொருளுக்கு, வெள்ளை நஞ்சுக்கு, செம்மஞ்சள் வெடிபொருளுக்கு, பச்சை தீப்பற்றாத வாயுவுக்கு. பாதி வெள்ளை பாதி கறுப்பு என்றால் அரிக்கும் பொருள். 1980 முதல் நான்கிலக்க எண்களும் சேர்ந்தன.

இரண்டு அட்டவணைகள்

இனி மருமகனின் கணக்குக்கு வருவோம்.

அமெரிக்க விதிநூலின் 49ஆம் தொகுதியில் 172.504 என்ற பிரிவு இருக்கிறது. அதில் இரண்டு அட்டவணைகள். முதலாவது அட்டவணையில் உள்ளவற்றில் ஓர் இறாத்தல் இருந்தாலும் பலகை மாட்டவேண்டும். பெருவெடிபொருட்கள், நச்சு வாயுக்கள், சுவாசித்தால் கொல்லும் திரவங்கள், நீர்பட்டால் அபாயமாகும் பொருட்கள், கதிரியக்கப் பொதிகளில் கடுமையானவை ஆகியன அதில் அடங்கும். இரண்டாவது அட்டவணையில் மற்றவை. பெற்றோல், சமையல் எரிவாயு, அமிலங்கள், ஒட்சியேற்றிகள், பெரும்பாலான நஞ்சுகள். இவை சிறு கொள்கலன்களில் ஏற்றப்பட்டு, மொத்த நிறை 1,001 இறாத்தலுக்குக் குறைவாக இருந்தால் வீதியில் பலகை தேவையில்லை. 1,001 இறாத்தல் என்பதே 454 கிலோகிராம். "ஆயிரம் இறாத்தல்வரை" என்பதைச் சட்ட மொழியில் "ஆயிரத்தொன்றுக்குக் குறைவாக" என்று எழுதியிருக்கின்றனர்.

மொத்த நிறை என்றால் பொருளோடு பாத்திரத்தின் நிறையும் சேர்ந்தது. பெற்றோல் நிரம்பிய ஒரு பெரிய இரும்புப் பீப்பா ஏறத்தாழ 170 கிலோ வரும். இரண்டு பீப்பா 340, பலகை வேண்டாம். மூன்று 510, பலகை வேண்டும். வட அமெரிக்க வீடுகளில் இறைச்சி வாட்டப் பயன்படுத்தும் எரிவாயு சிலிண்டர் நிரம்பியிருக்கையில் ஏறத்தாழ 37 இறாத்தல். இருபத்தேழு சிலிண்டர்கள் 999 இறாத்தல். அத்தனையையும் ஏற்றிய சிறு லொறி எந்த அடையாளமும் இல்லாமல் உங்கள் தெருவால் போகலாம். இருபத்தெட்டாவது சிலிண்டரை ஏற்றினால்தான் அது சட்டத்தின் கண்ணில் அபாய வாகனம் ஆகிறது. ஆனால் 119 கலனுக்கு மேற்பட்ட பெருங்கலமாக இருந்தால் இச்சலுகை இல்லை.

பலகையோடு வேறு பலவும் சேர்ந்து வருகின்றன என்பது முக்கியமானது. பலகை தேவைப்படும் சுமையை ஏற்றும் சாரதிக்குச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் தனி ஒப்புதல் வேண்டும். அதற்குத் தனிப் பரீட்சை உண்டு. 2001 செப்டெம்பர் 11க்குப் பின்னர் வந்த சட்டத்தால் கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனைக்கும் உட்படவேண்டும். ஆகவே அந்த ஆயிரத்தோராவது இறாத்தலில் ஒரு தொழிலாளியின் சம்பளம், ஒரு முதலாளியின் செலவு, சில நகரங்களின் சுரங்கப் பாதைகளிலும் பாலங்களிலும் செல்லும் உரிமை ஆகிய அனைத்தும் தங்கியிருக்கின்றன. டெற்றோயிற்றுக்கும் கனடாவின் விண்ட்சருக்கும் இடையில் அபாயப் பொருள் லொறிகளுக்கென்றே 1990 முதல் 2023வரை ஒரு படகுச் சேவை நடந்தது. பாலத்தால் போகமுடியாத வண்டிகளுக்கு ஆற்றைக் கடக்க அதுவே வழி.

இவ்வெல்லையை ஏன் வைத்தார்கள் என்பதற்கும் நியாயம் இருக்கிறது. வீதியில் செல்லும் லொறிகளில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு வாளி வண்ணப்பூச்சோ ஒரு பற்றறியோ இருக்கும். எல்லாவற்றிலும் பலகை இருந்தால் எதிலும் பலகை இல்லாததற்குச் சமம். தச்சரும் குழாய் பொருத்துநரும் தம் தொழிலுக்காகக் கொண்டுசெல்லும் சிறு அளவுகளுக்கு 1997இல் தனியொரு சலுகையே வகுக்கப்பட்டது. அதன்படி ஒரு வாகனத்தில் மொத்தம் 200 கிலோவரை கொண்டுசெல்லலாம்.

வாழும் நாட்டுக்கேற்ப எண்கள் வேறுபடும். ஐரோப்பாவில் வாழும் வாசகர்கள் அங்குள்ள முறையை அறிந்திருக்கக்கூடும். அங்கே ஓர் ஒற்றை எல்லை இல்லை, புள்ளிகள் உண்டு. குறைந்த அபாயமுள்ள பொருளுக்கு ஒரு கிலோவுக்கு ஒரு புள்ளி; அடுத்ததற்கு மூன்று; கடும் அபாயமுள்ளதற்கு ஐம்பது. கூட்டுத்தொகை ஆயிரத்தைத் தாண்டினால் செம்மஞ்சள் தகடு மாட்டவேண்டும். இது கணக்கிடக் கடினமானது. ஆனால் பெற்றோலையும் அதைவிடக் கொடியதையும் ஒரே தராசில் நிறுக்காத முறை.

கனடாவின் கதை ஒரு நள்ளிரவில் தொடங்கியது. 1979 நவம்பர் 10ஆம் திகதி, நள்ளிரவை நெருங்கும் வேளையில், மிசிசாகாவில் 106 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில் தடம்புரண்டது. புரோப்பேன் தாங்கிகள் வெடித்தன. தொண்ணூறு தொன் குளோரீன் இருந்த தாங்கியில் துளை விழுந்தது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டனர். ஓர் உயிரும் போகவில்லை. மறு ஆண்டே கனடா அபாயப் பொருட் போக்குவரத்துச் சட்டத்தை நிறைவேற்றியது. இன்று மிசிசாகாவில் ஆயிரக்கணக்கான தமிழர் வாழ்கின்றனர். அவர்களில் எத்தனை பேர் அந்த இரவைப் பற்றி அறிவர் என்று மருமகனிடம் கேட்டேன். அவனுக்கே தெரிந்திருக்கவில்லை.

பலகை இல்லாத இடத்தில்

அடையாளமின்மையின் விலையை மிகக் கொடூரமாகக் கற்பித்தது கன்சாஸ் நகரம். 1988 நவம்பர் 29ஆம் திகதி அதிகாலை, அங்கு நெடுஞ்சாலை அமைப்புப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில் தீ. இரு அணிகளைச் சேர்ந்த ஆறு தீயணைப்பு வீரர்கள் சென்றனர். அங்கு நின்ற இழுவைப் பெட்டிகளில் பாறை உடைப்பதற்கான அமோனியம் நைத்திரேற்றுக் கலவை தொன் கணக்கில் இருந்தது. ஆனால் அப்பெட்டிகளில் எச்சரிக்கைப் பலகை எதுவும் இருக்கவில்லை. அதிகாலை நான்கு மணி கடந்து சில நிமிடங்களில் முதல் வெடிப்பு. ஆறு பேரும் அந்தக் கணத்திலேயே மாண்டனர். நாற்பது நிமிடங்களின் பின்னர் இரண்டாவது வெடிப்பு. உதவிக்கு வந்தவர்களைப் பின்வாங்கச் செய்திருந்ததால் மேலும் உயிர்கள் போகவில்லை.

அங்கே இருந்தது சிறு அளவன்று. எனினும் அப்பெட்டிகள் வீதியில் ஓடவில்லை; நின்றுகொண்டிருந்தன. போக்குவரத்து விதி ஓடும் வண்டியோடு முடிந்துவிடுகிறது என்ற ஓட்டை அங்கு வெளிப்பட்டது. 1990இல் சட்டம் திருத்தப்பட்டது. 1994இல் வேலைத்தலப் பாதுகாப்பு நிர்வாகம், பலகையுடன் வந்த கொள்கலனில் பொருள் உள்ளவரை பலகையைக் கழற்றலாகாது என விதித்தது.

இங்கே எனக்கு நம் நாட்டின் ஒரு நிகழ்வு நினைவுக்கு வராமலில்லை. 2010 செப்டெம்பர் 17ஆம் திகதி, மட்டக்களப்பின் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில், வீதி அமைப்புப் பணிக்காகக் கொண்டுவரப்பட்ட டைனமைட் கொள்கலன்கள் வெடித்தன. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெடுஞ்சாலைக்கு உடைக்கவேண்டிய பாறை, அதற்கான மருந்து, அது தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்ட இடம். கன்சாசும் கரடியனாறும் அத்தனை தொலைவில் இல்லை.

சிறு அளவு என்ன செய்யும் என்பதற்கு 1996 மே 11ஆம் திகதி சாட்சி. மியாமியிலிருந்து புறப்பட்ட வலுஜெற் 592 விமானத்தின் சரக்கறையில் சில அட்டைப் பெட்டிகள் இருந்தன. காலாவதியான ஒட்சிசன் பிறப்பாக்கிகள் அவற்றுள் இருந்தன. தாளில் அவை வெற்றுக் கலங்கள் எனக் குறிக்கப்பட்டிருந்தன. 110 பேரும் மாண்டனர். ஒரு சிறு லொறியின் மூலையில் அடங்கிவிடக்கூடிய பெட்டிகள் அவை.

சோதனைச் சாவடியும் சாய்சதுரமும்

இவற்றையெல்லாம் படிக்கையில் வேறொரு நினைவும் குறுக்கிட்டது. 1990களின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பிரிவு மாணவன். வடக்குக்குச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பெற்றோல், டீசல், யூரியா, மின்கலம் எல்லாம் இருந்தன. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். இரவில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்தோம். தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் கைவிளக்கின் மின்கலங்களைக் கழற்றி எடுத்துவிடுவர். எங்களைப் பொறுத்தவரை சிறு அளவு என்று ஒன்றில்லை. ஒரு போத்தல் பெற்றோல் அரசுக்கு எதிரான பொருள். மருமகனின் லொறியில் 340 கிலோ எந்தப் பலகையும் இல்லாமல் போகலாம் என்று கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பை அக்காலத்தில் அங்கு வாழ்ந்தவர்கள் உணர்வர்.

ஒரே பொருளைப் பாதுகாப்பு என்ற பெயரில் இருவிதமாகப் பார்க்கலாம். ஒன்று, அதை வைத்திருப்பவனைச் சந்தேகிப்பது. மற்றது, அதனருகே வருபவனைக் காப்பது. சாய்சதுரப் பலகை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 2001க்குப் பின்னர் அமெரிக்காவிலேயே இவ்விரு பார்வைகளும் மோதிக்கொண்டன. பலகை பயங்கரவாதிக்கு வழிகாட்டுகிறது, ஆகவே அகற்றிவிடலாம் என்ற யோசனை எழுந்தது. தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. போக்குவரத்துத் திணைக்களம் 2003இல் வெளியிட்ட ஆய்வு, பலகைகள் இருக்கவேண்டும் என்றே முடித்தது. தீயை நோக்கி ஓடுபவரின் குரல் அங்கே வென்றது.

மறுகணக்கு

கடைசியாக, என் நான்கு வரிச் செய்திக்கு வருகிறேன்.

இவ்வளவும் படித்த பின்னர் ஒருநாள் தாளை எடுத்து, அந்த லொறியின் சுமையை அமெரிக்க விதிப்படி கணக்கிட்டுப் பார்த்தேன். வெளிறாக்கும் தூள் பீப்பா ஒன்று ஏறத்தாழ ஐம்பது கிலோ என்று வைத்தாலும் ஐந்து பீப்பா 250 கிலோ. அமிலச் சாடிகள் அதிகம் போனால் நூறு கிலோ. இரண்டுமே இரண்டாவது அட்டவணையில் உள்ளவை. மொத்தம் 350. ஆயிரத்தோராவது இறாத்தலுக்கு இன்னும் நூறு கிலோ இடமிருக்கிறது. அதாவது உலகின் மிக விரிவான விதிநூலின்படியும் அந்த லொறியில் ஒரு பலகை இருந்திராது.

இதைக் கண்டபோது சற்று நேரம் பேசாமல் அமர்ந்திருந்தேன். நம் நாட்டில் அத்தகைய விதி இருந்திருந்தால் அந்த இருவரும் தப்பியிருப்பர் என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

ஆனால் மேலும் படித்தபோது வேறொன்று புலப்பட்டது. 454 கிலோ எல்லை பலகைக்கு மட்டுமே. சரக்குப் பத்திரத்துக்கு அல்ல. இத்தகைய அமிலப் பொதிகள் அந்த எல்லைக்குக் கீழே இருந்தாலும், அவற்றின் சரியான பெயர், நான்கிலக்க எண், வகுப்பு, அவசர வேளையில் அழைக்கவேண்டிய தொலைபேசி இலக்கம் ஆகியன எழுதிய தாள் சாரதியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். ஒவ்வொரு பொதியிலும் அதற்குரிய சிட்டை ஒட்டப்பட்டிருக்கவேண்டும். அமிலமும் ஒட்சியேற்றியும் கசிந்தாலும் கலந்துவிடாதபடி பிரித்து ஏற்றவேண்டும். ஏற்றுபவருக்கும் ஓட்டுபவருக்கும் பயிற்சி கொடுத்திருக்கவேண்டும். அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து 1996 முதல் வெளியிட்டுவரும் செம்மஞ்சள் நிற அவசர உதவிக் கைந்நூலில் அந்த எண்ணைத் தேடினால், தண்ணீர் பாய்ச்சலாமா, எவ்வளவு தூரம் விலகவேண்டும் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பலகை, வெளியே நிற்பவருக்கான கடைசிச் சொல். முதல் சொல் பொருளை அனுப்புபவரின் மேசையில் எழுதப்படுவது. அன்று அந்த மேசையில் எழுதப்பட்டது "பலசரக்கு" என்ற ஒரு சொல். 1866இல் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்த பெட்டியில் அதுகூட எழுதப்பட்டிருக்கவில்லை. இடைப்பட்ட நூற்றுமுப்பது ஆண்டுகளில் உலகம் கற்றுக்கொண்டது அந்த லொறிக்கு வந்து சேரவில்லை.

பெயர் எழுதினால் மட்டும் போதாது என்பதையும் நம் கடல் 2021 மே மாதத்தில் கற்பித்தது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் இருபத்தைந்து தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது பத்திரங்களில் பதிவாகியிருந்தது. கசிவு இருந்ததும் தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகமும் இந்தியாவின் ஹசிராத் துறைமுகமும் கசிந்த கொள்கலனை இறக்க இடமளிக்கவில்லை. கொழும்புக்கு அப்பால் கப்பல் எரிந்தது. எழுதப்பட்டதை வாசித்துப் பொறுப்பேற்க ஒருவர் இல்லாவிட்டால் எழுத்து வெறும் மையே.

அன்றைய பற்றுச்சீட்டை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சொல்லை எழுதியவர் யார் என்று விசாரித்திருக்கலாம். அமிலத்தைத் தூளின் அருகே வைத்தவருக்கு அது தெரிந்திருந்ததா என்று கேட்டிருக்கலாம். இன்னொரு லொறி அடுத்த நாள் அதே சுமையோடு போகிறதா என்று பார்த்திருக்கலாம். எதையும் செய்யவில்லை. சாரதியைப் போலவே நானும், என் கைக்கு வந்த சொல்லை அப்படியே காவிச்சென்று ஒப்படைத்தேன்.

ரொறன்ரோவில் அன்று மாலை சுமை இறக்கியதும் மருமகன் நான்கு பலகைகளையும் கழற்றித் துணியால் துடைத்து மீண்டும் ஆசனத்தின் பின்னால் வைத்தான். "இரண்டு பீப்பா தீப்பிடிக்காதா என்று கேட்டீர்களே மாமா" என்றான். "பிடிக்கும். அதனால்தான் அந்தத் தாளைக் கதவுப் பையில் வைக்கிறேன். எனக்கு ஏதும் நடந்து நான் பேசமுடியாமல் கிடந்தாலும், கதவைத் திறக்கிறவன் அதை எடுத்துப் படிப்பான்."

முதலாவதாகக் கதவைத் திறக்கும் அந்த முகம் தெரியாத மனிதனை நினைத்து எழுதப்படும் தாள் அது. கால்வாய்க்குள் சரிந்த லொறியின் கதவைத் திறந்த இருவருக்கும் அப்படியொரு தாளை எவரும் எழுதியிருக்கவில்லை.